ஓடும் ஆற்றில் எழுந்து நிற்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

விடுமுறை நாட்களில் வான் பிடித்துக் கித்துல்கலவுக்கு வந்திறங்கும் தமிழ்க் குடும்பங்களை நினைத்தே இதை எழுதுகிறோம். களனி கங்கையில் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தூரம் காற்றடைத்த றப்பர் படகில் போய்வருவது அங்கே முக்கியமான பொழுதுபோக்கு. படகில் ஏறுமுன் வழிகாட்டி சில நிமிடங்கள் பேசுவார். ஆட்கள் அந்த நேரத்தில்தான் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சிங்களமோ ஆங்கிலமோ சரளமாகத் தெரியாதவர்கள், கேட்கக் கூச்சப்பட்டுத் தலையை ஆட்டிவிட்டு ஏறிவிடுவதும் உண்டு. கூச்சம் வேண்டாம். "தமிழில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் யாரையாவது மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். விளங்கும்வரை படகில் கால் வைக்காதீர்கள்.

முதலில் ஆற்றைப் பற்றி. மஸ்கெலி ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. இரண்டின் மேற்பகுதியிலும் நீர்த்தேக்கங்கள், இடையிடையே மின் நிலையங்கள். அதனால் கித்துல்கலயில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு உயரலாம். மஸ்கெலியாப் பக்கம் பெய்த மழையோ திறந்துவிட்ட நீரோ காரணமாக இருக்கும். சற்றுமுன் காய்ந்திருந்த பாறையின் ஓரம் நனைகிறதா, தெளிந்த நீர் கலங்குகிறதா, சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா, இரைச்சல் கூடுகிறதா? இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நடு ஆற்றுப் பாறையில் இருப்பவர்கள் உடனே கரைக்கு வரவேண்டும். சாப்பாட்டுப் பார்சலையும் செருப்பையும் தேடிக்கொண்டிருந்தால், வந்த வழி மூடிவிடும். குளிக்க வருபவர்களுக்கும் இது பொருந்தும்.

உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டால் போதாது, இறுக்கவும் வேண்டும். எல்லாக் கொளுவிகளையும் மாட்டி, கீழ்ப் பட்டியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக இழுத்து இறுக்குங்கள். பிறகு ஒருவர் உங்கள் தோள் பட்டிகள் இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். அங்கி காதுவரை ஏறினால் அது தளர்வு. நீரில் விழுந்தால் முகத்தை மூடும், சிறுபிள்ளையென்றால் கழன்றே போகும். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு தட்டையாகி நொறுங்கிய பழைய அங்கியை வாங்காதீர்கள். தலைக்கவசம் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் நிற்க வேண்டும். தலையை ஆட்டும்போது பின்னால் சரிந்து நெற்றி தெரிந்தால் அது காக்காது.

துடுப்பின் மேல்முனையில் 'டி' வடிவப் பிடி இருக்கும். ஒரு கையின் உள்ளங்கை எப்போதும் அதை மூடியிருக்க வேண்டும். அலை தூக்கிப்போடும்போது பிடியை விட்டால், அது பக்கத்தில் இருப்பவரின் பல்லில்தான் போய் அடிக்கும். படகுக்குள் ஆட்கள் படும் காயங்களில் இது சாதாரணம், முற்றாகத் தவிர்க்கக்கூடியதும்கூட. படகின் கயிற்றைக் கையில் பிடிக்கலாம், மணிக்கட்டில் ஒருபோதும் சுற்றக்கூடாது.

கட்டளைகள் ஆங்கிலத்தில்தான் வரும். 'ஃபோர்வர்ட்' என்றால் முன்னோக்கி வலிக்க வேண்டும். 'பேக்' என்றால் பின்னோக்கி. 'ஸ்டொப்' என்றால் துடுப்பை நீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். 'கெட் டவுன்' என்றால் விளிம்பிலிருந்து படகுக்குள் இறங்கிக் குந்திக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். இவற்றில் தவறினால் பெரும்பாலும் நனைவதோடு போகும். ஆனால் 'ஹை சைட்' என்ற கட்டளை வேறு. படகு பக்கவாட்டாகப் பாறையில் மோதி நிற்கும்போது அதைச் சொல்வார்கள். பாறையைக் கண்டு பயந்து விலகி மறுபக்கம் சாய்வது மனித இயல்பு. அப்படிச் சாய்ந்தால் மேலிருந்து வரும் நீர் தாழ்ந்த பக்கத்தில் ஏறி, படகை அப்படியே பாறையில் போர்த்திவிடும். அதனால் எல்லோரும் பாறை இருக்கும் பக்கத்துக்கே பாயவேண்டும், பாறையைக் கட்டிப்பிடிப்பதுபோல.

இனி நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விடயம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஓடும் ஆற்றில் ஆழம் தெரிந்தாலும் காலை விடக்கூடாது. படகிலிருந்து விழுந்தவர், இடுப்பளவு நீர்தானே என்று எழுந்து நிற்கப் பார்ப்பார். கால் இரண்டு கற்களுக்கு நடுவே இறங்கிவிடும். பின்னாலிருந்து வரும் நீர் உடலை முன்னே தள்ளும், கால் கழலாது, முகம் கவிழ்ந்து நீருக்குள் போகும். அங்கி போட்டிருந்தாலும் அந்த வேகத்தை எதிர்த்து நிமிர முடியாது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது என்பதை நினைவில் வையுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே கதிதான்.

ஆகவே விழுந்தால் மல்லாந்து படுங்கள். கால்கள் நீர் போகும் திசையில், முழங்கால் சற்று மடிந்து, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி இருக்கட்டும். பாறை வந்தால் பாதத்தால் உதைத்து விலகலாம். அலையின் உச்சியில் முகத்தில் நீர் அடிக்கும், இரண்டு அலைகளுக்கு நடுப்பள்ளத்தில் மூச்சை எடுங்கள். கரையோரமாக நீர் மெல்லப் பின்னோக்கித் திரும்பும் இடம் கண்ணில் பட்டால், குப்புறத் திரும்பி அதை நோக்கி வேகமாக நீந்துங்கள். கை தரையில் தட்டும் அளவுக்கு நீர் குறைந்த பிறகே எழும்பலாம்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை. ஆற்றுக்குக் குறுக்கே விழுந்து கிடக்கும் மரமோ மூங்கில் புதரோ வந்தால், காலை முன்னே நீட்டிப் போகக்கூடாது. தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார், தேங்காய்ப்பால் வடிகட்டும்போது பூ தங்குவதைப்போல. தூரத்தில் கண்டவுடனேயே பக்கவாட்டில் நீந்தி விலகப் பாருங்கள். விலகவே முடியாது என்றால், குப்புறத் திரும்பித் தலையை முன்வைத்து மரத்தை நோக்கி நீந்தி, மோதும் நொடியில் கைகளால் ஊன்றி அதன் மேலே ஏறிவிட வேண்டும். பெருமழைக்குப் பிறகு நேற்று இல்லாத மரம் இன்று இருக்கும். அன்று அந்த ஆற்றில் ஏற்கெனவே ஒரு படகு போய்வந்ததா என்று வழிகாட்டியிடம் கேட்பதில் தவறில்லை.

கவிழ்ந்த படகின் அடியில் மாட்டினால் இரு கைகளையும் மேலே ஊன்றி, ஒரே திசையில் படகின் அடியைத் தள்ளித் தள்ளி வெளியே வாருங்கள். திசையை மாற்றினால் அங்கேயே சுற்றுவீர்கள். கரையிலிருந்து மீட்புக் கயிற்றை அதன் பையோடு எறிந்தால், பையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, மல்லாந்து படுங்கள். வேகம் தாங்காவிட்டால் விட்டுவிடக்கூடியபடி பிடிக்க வேண்டும், உடலில் கட்டக்கூடாது. விழுந்தவரைப் படகுக்குள் ஏற்றும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அங்கியின் தோள் பட்டிகள் இரண்டையும் பிடித்து, முழங்காலை விளிம்பில் முட்டுக்கொடுத்து, அப்படியே பின்னால் சாயுங்கள். ஆள் உங்கள் மேலேயே வந்து விழுவார்.

பாறைக் கட்டங்கள் முடிந்து நீர் அமைதியாகும் இடத்தில் குதித்து மிதக்க விடுவார்கள். அங்கே அங்கியைக் கழற்றுவதும் தளர்த்துவதும் வேண்டாம். மது அருந்தியவர் படகிலும் ஏறக்கூடாது, குளிக்கவும் கூடாது. அப்படிப்பட்டவரை ஏற்ற மறுக்கும் வழிகாட்டியோடு சண்டை பிடிக்காதீர்கள், அவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்.

படகு நடத்துவோரிடமும் உள்ளூர் அதிகாரிகளிடமும் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். படகு ஏறும் ஒவ்வொரு துறையிலும் மேற்சொன்ன கட்டளைகளை மும்மொழியிலும் எழுதிய பலகை ஒன்றை வையுங்கள். அதன் பக்கத்திலேயே, சிவப்புக் கோடு போட்ட நீர்மட்ட அளவுகோல் ஒன்றையும் நடுங்கள். நீர் அந்தக் கோட்டைத் தொட்டால் அன்று படகு இல்லை என்பது, எந்த மொழி பேசுபவருக்கும் பார்த்தவுடன் விளங்கும்.

இப்படிக்கு,
ஆற்றுப் படகு வழிகாட்டிகள் சிலர்,
கினிகத்தேனை.