ஏரிப்பாசன விவசாயிகள் சங்கம், அணைக்கட்டு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அதனால் நான் நேரே கால்வாய் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சென்ற சித்திரையில் மதகுக்கு அடுத்த மூன்று கழனிகள் மனைப்பிரிவுக்காகக் கை மாறின. விற்றவர்கள் நம் உறுப்பினர்கள்தான். ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் செம்மண் கொட்டி மேடாக்கியபோது நடுவில் ஓடிய கால்வாயும் சேர்ந்து மூடிப்போனது. கடைமடைக்காரர்கள் ஒரு சென்ட் கூட விற்கவில்லை. இருந்தும் சம்பாவுக்கு அவர்கள் கழனியில் தண்ணீர் ஏறவில்லை. நாற்றங்காலிலேயே நாற்று முற்றிப்போனதை எல்லாரும் பார்த்தோம்.

மூடிப்போன அந்த இடம் வாய்க்கால் புறம்போக்கு என்று நில அளவைப் புலப்படத்தில் தெளிவாக இருக்கிறது. அந்த நகலோடு விவசாயிகள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் இரண்டு முறை மனு கொடுத்தோம். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். பெண்கள் திரளாக வந்து கடைசி வரை உட்கார்ந்திருந்ததால்தான் அது நிறைவேறியது. அப்புறம் அளவையர் வந்து கல் நட்டுக் கொடுத்தார். பாதி மண் அள்ளியாகிவிட்டது, சம்பாவுக்கு அடுத்த நவரைப் பருவத்துக்குப் பாதிக் கழனி வரை தண்ணீர் வந்தது. மீதி மண் இன்னும் கிடக்கிறது.

கழனி ஒருமுறை கெட்டால் திரும்பாது என்பது நம் வேலூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதை, 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே எடுத்துச் சொன்னது. அங்கே கழிவு செய்ததை இங்கே மனைக்கல் செய்கிறது.

விளைச்சலுக்கு நிச்சயமான விலை இருந்தால் பாதிப் பேர் கழனியை விற்க நினைக்கவே மாட்டார்கள். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் இந்த மண்ணைச் சேர்ந்தது. மண் மனையானால் பெயரை எங்கே கொண்டுபோய்ப் பயிரிடுவது? ஆனால் வரத்து அதிகமான நாளில் அதே காய் உழவர் சந்தையில் பறிகூலிக்குக் கூடக் கட்டாமல் போகிறது. ஆகவே வேலூரில் மூன்று மெஸ்காரர்களிடம் பேசி, பருவம் முழுக்க ஒரே விலை, வாரம் மூன்று நடை என்று ஏற்பாடு செய்தோம். இரண்டு பேர் இன்றும் வாங்குகிறார்கள். மூன்றாமவர் நிறுத்திவிட்டார், இரண்டு முறை காய் போய்ச் சேரும் முன்பே அவர் சமையலைத் தொடங்கிவிட்டார். தவறு நம்முடையது. இனி முதல் பஸ்ஸில் காய் ஏற ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், இன்றே பெயர் கொடுங்கள்.

விதை வேலையைப் பெண்களே எடுத்துக்கொண்டார்கள். நல்ல செடியில் காயை மஞ்சளாகப் பழுக்க விட்டு, விதையெடுத்து, சாம்பலில் புரட்டி உலர்த்தி வைத்திருக்கிறார்கள். வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம், அறுவடைக்குப் பின் இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும்.

ஒரு வேண்டுகோள். கழனியை விற்கும் நெருக்கடி யாருக்கு வந்தாலும் முன்பணம் வாங்குவதற்கு முன் சங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பக்கத்துக் கழனிக்காரர் குத்தகைக்கு எடுக்கலாம், நாலு பேர் சேர்ந்து கைமாற்று கொடுக்கலாம். போன சித்திரையில் நாம் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை.

ஆடிக்கு முன் கால்வாய் திறந்தாக வேண்டும். வருவாய் ஆய்வாளரிடம் தெரிவித்தாகிவிட்டது. வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு, வீட்டுக்கு ஒருவர், மண்வெட்டியும் கூடையுமாக மதகடிக்கு வந்துவிடுங்கள்.

செயலாளர்