தனிமை நாள் விமானக் கதவிலேயே தொடங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் வந்தால் முதல் உத்தரவு விமானப் பயணிகள் மேல்தான் பாயும். அந்த உத்தரவு சேலம் மாவட்டத்துக்குப் பொருந்தும்படி இப்போதே எழுதி வைக்கப்பட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

2020 மே 25-ல், கொரோனா ஊரடங்குக்குப் பின் உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் இறங்கியவர்களின் கையில் அழியாத மையால் முத்திரை குத்தி, 14 நாள் வீட்டுத் தனிமை என்று அனுப்பினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு 7 நாள் சொந்தச் செலவில் முகாமோ விடுதியோ, பிறகு 7 நாள் வீடு. ஆகஸ்ட் 8 முதல், 96 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ் சான்று இருந்தால் முகாம் வேண்டாம் என்று ஆனது. 2021 பிப்ரவரியில் 96 மணி 72 ஆகச் சுருங்கியது. ஒமைக்ரான் வந்த பிறகு 7 நாள் வீடு, 8-ஆம் நாள் பரிசோதனை. 2022 பிப்ரவரி 14 முதல் அதுவும் போய், 14 நாள் உடம்பைக் கவனித்துக்கொண்டால் போதும் என்றார்கள். நோய் மாற மாற விதி மாறியதில் தவறில்லை. ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த பயணி வீட்டுக் கதவைத் தட்டும் வரை அவர் யார் பொறுப்பு என்பது தெளிவாகவே இல்லை.

சென்னையில் வீடு உள்ளவருக்கு அது ஒரு மணி நேரச் சங்கதி. சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் வெளிநாட்டு விமானம் இறங்குவதில்லை. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் ஆத்தூர்க்காரரும் எடப்பாடிக்காரரும் பெங்களூரு, சென்னை, கோவை, திருச்சி இவற்றில் ஒன்றில் இறங்கி, மூன்று முதல் ஆறு மணி நேரம் சாலையில் வருகிறார்கள். பறக்கும் விமானத்தைவிட அந்தக் காருக்குள்தான் காற்று மோசம்.

பெரிய ஜெட் விமானம் பறக்கும்போது அதன் உட்காற்று மணிக்கு 20 முதல் 30 தடவை மாறுகிறது. ஏறக்குறைய பாதி வெளிக்காற்று. மீதிப் பாதி ஹெப்பா வடிகட்டி வழியாகத் திரும்ப வருவது, அது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். காற்று தலைக்கு மேலிருந்து இறங்கிக் காலடியில், சுவரோரச் சல்லடை வழியாக வெளியேறுகிறது. முன்னும் பின்னும் அதிகம் ஓடுவதில்லை. இதைக் கேட்டுவிட்டு விமானத்தில் தொற்றே வராது என்று நினைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர் இருமினால் அந்தக் காற்று வடிகட்டியைச் சேரும் முன் நம் மூக்கைக் கடந்துதான் போகிறது.

2003-ல் ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் போன மூன்று மணி நேர விமானத்தில் சார்ஸ் நோயாளி ஒருவர் இருந்தார். அவருக்கு முன்னால் மூன்று வரிசைகளில் இருந்த 23 பேரில் 8 பேருக்கு நோய் வந்தது. மற்ற இடங்களில் இருந்த 88 பேரில் 10 பேருக்கு வந்தது. அருகில் இருந்தவருக்கு ஆபத்து மூன்று மடங்கு என்பது ஒரு செய்தி. ஆனால் எண்ணிக்கையில் அந்த மூன்று வரிசைக்கு வெளியேதான் அதிகம் பேர் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. 2020 மார்ச்சில் லண்டனிலிருந்து ஹனோய் போன விமானத்தில், இருமலோடு வந்த ஒரே பயணி பிசினஸ் வகுப்பில் இருந்தார். பிறகு தொற்று உறுதியான 16 பேரில் 12 பேர் அதே வகுப்பு. கொரோனா கால நம் நாட்டு விதிப்படி, நோயாளியின் வரிசையும் முன்னும் பின்னும் மூன்று வரிசைகளும்தான் தொடர்புப் பட்டியல், அதாவது தொற்று பரவியிருக்கக்கூடியவர்களின் பட்டியல். அந்த ஏழு வரிசையைக் கட்டாயத் தனிமையில் வைப்பது சரி. மற்றவர்களுக்கும் அன்றே குறுஞ்செய்தி போக வேண்டும். அது செலவே இல்லாத வேலை.

தரையில் நிற்கும் விமானம் இன்னொரு ஆபத்து. 1977-ல் அலாஸ்காவில் எஞ்சின் கோளாறால் ஒரு விமானம் மூன்று மணி நேரம் தரையில் நின்றது. காற்றோட்டம் வேலை செய்யவில்லை. உள்ளே 54 பேர், அவர்களில் ஒருவருக்கு இன்ஃப்ளூயன்சா. மூன்று நாளுக்குள் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள். சேலத்துக்கு இதுவரை வந்துபோனவை பெரும்பாலும் புரொப்பல்லரில் ஓடும் சிறிய ஏ.டி.ஆர். 72 ரகம். அதில் தரையில் மின்சாரமும் காற்றும் தரும் தனித் துணை எஞ்சின் கிடையாது. வலது புரொப்பல்லரை பிரேக் போட்டு நிறுத்திவிட்டு எஞ்சினை மட்டும் ஓட விடுவார்கள், இல்லையென்றால் வெளியிலிருந்து இணைப்பு கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் மே மாத வெயிலில் ஆட்களை ஏற்றிவைத்துக் காத்திருப்பதுதான் தவறு. சிறிய விமானங்கள் எல்லாவற்றிலும் ஹெப்பா இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்றோட்டம் ஓடத் தொடங்கிய பிறகே ஏற்ற வேண்டும், இறங்கிய பின் கடைசி ஆள் போகும் வரை அணைக்கக் கூடாது என்று காமலாபுரம் நிலையத்தில் எழுத்தில் ஓர் உத்தரவு இருந்தால் போதும். ஏ.டி.ஆர்.-ல் பயணிகள் ஏறுவதும் இறங்குவதும் பின்பக்கக் கதவு வழியாக. எனவே ஏறும்போது முன்வரிசைக்காரர்களை முதலில் ஏற்றினால் ஒருவர் முகத்தை ஒருவர் உரசிக்கொண்டு போக வேண்டியதில்லை.

பயணி செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் பலன் உண்டு. வால்வு இல்லாத என்95 மாஸ்க். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி, ஊதிப் பார்த்தால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியக் கூடாது. தலைக்கு மேலே உள்ள காற்றுக் குழாயைத் திறந்து, முகத்துக்குச் சற்று முன்னால் விழும்படி திருப்பிவைக்கலாம். சாப்பாடு வரும்போது பக்கத்து ஆள் முடித்து மாஸ்க் போட்ட பிறகு நாம் கழற்ற வேண்டும். விமானம் நின்றதும் நடைபாதையில் எழுந்து நெருக்கியடித்து நிற்பதைப் போல வீணான ஆபத்து வேறில்லை.

இறங்கியதும் எடுக்கும் பரிசோதனை பற்றி மக்களிடம் இருக்கும் நம்பிக்கை அளவுக்கு மிஞ்சியது. விமானத்தில் தொற்றிய கிருமி அன்றே பரிசோதனையில் தெரியாது. கொரோனாவின் முதல் வருடக் கணக்குப்படி, தொற்றிய முதல் நாளில் ஆர்.டி.பி.சி.ஆர். யாரையும் பிடிக்கவில்லை, அறிகுறி தொடங்கிய நாளில்கூட நூற்றுக்கு 38 பேரைத் தவறவிட்டது, அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் தவறுவது 20 ஆகக் குறைந்தது. 2020 செப்டம்பரில் துபாயிலிருந்து நியூசிலாந்து போன 86 பேரில் 7 பேருக்குத் தொற்று. அவர்களில் 5 பேர் கிளம்பும் முன் எடுத்த நெகட்டிவ் சான்றோடு ஏறியவர்கள். அங்கே எல்லோரையும் 14 நாள் வைத்து, 3-ஆம் நாளும் 12-ஆம் நாளும் சோதித்ததால்தான் அது தெரியவந்தது. நெற்றிக்கு நேரே காட்டும் வெப்பமானியைச் சொல்லவே வேண்டாம். இரண்டு பாராசிட்டமால் போட்டவர் அதைச் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுவார்.

ஆகவே சோதனை நாளைச் சரியாக வையுங்கள். இறங்கிய நாள் 0. கொரோனா மாதிரி நோய்க்கு 5-ஆம் நாள் அல்லது அதற்குப் பிறகு சோதித்து, நெகட்டிவ் என்றால் 7 நாள் முடிந்ததும் விடுவிக்கலாம். சோதனை இல்லையென்றால் 10 நாள். 2020 டிசம்பரில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தொடர்பில் இருந்தவர்களுக்குச் சொன்ன வழி இதுதான். நோய் வேறானால் எண்ணும் மாறும்: இன்ஃப்ளூயன்சா வெளிப்பட 1 முதல் 4 நாள், குரங்கம்மைக்கு 21 நாள் வரை. எல்லாவற்றுக்கும் 14 என்று மனப்பாடமாகப் போடுவது ஒன்றுக்கு அதிகம், இன்னொன்றுக்குப் போதாது.

இனி சாலை. பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் இறங்கியவர் பெங்களூரு நகரைக் கடந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் வழியாக வர ஐந்து மணி நேரமாவது ஆகும். கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, ஓட்டுநரும் பயணியும் ஒரே காற்றை ஐந்து மணி நேரம் மூச்சு விடுகிறார்கள். டாஷ்போர்டில் காருக்குள்ளேயே வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்ட பட்டன் ஒன்று உண்டு. அதன் விளக்கு எரிந்தால் உட்காற்றே சுற்றுகிறது என்று பொருள். அதை அணைக்க வேண்டும். பயணி பின்சீட்டில் இடப்பக்கம் உட்கார வேண்டும். நான்கு கண்ணாடியும் இறங்கியிருந்தால் நல்லது. முடியாதபோது முன்பக்க இடது கண்ணாடியையும் பின்பக்க வலது கண்ணாடியையும் இறக்கினால், ஓட்டுநருக்குப் பின்னால் நுழையும் காற்று இருவருக்கும் நடுவே குறுக்கே ஓடி முன் இடது வழியாக வெளியேறும். தத்தம் பக்கத்துக் கண்ணாடியை இறக்குவது வசதியாகத் தோன்றும். ஆனால் குறுக்கே திறப்பதைவிடப் பலன் குறைவு. ஓட்டுநருக்கும் ஓர் என்95-ஐப் பயணியே கொடுக்கட்டும். சாப்பாடும் தண்ணீரும் கையோடு. கிருஷ்ணகிரி டீக்கடை வேண்டாம். ஷேர் டாக்ஸியும் ஆம்னி பஸ்ஸும் அந்த நாட்களுக்குக் கூடவே கூடாது.

வேன் பிடித்து எட்டுப் பேர் வரவேற்கப் போவது நம் பக்கத்துப் பழக்கம். மகன் மூன்று வருடம் கழித்து வருகிறான், தாய் மனசு கேட்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த வேன் திரும்பும்போது எட்டுப் பேரும் தொடர்புப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். கொண்டுவர ஒரு ஓட்டுநர் போதும்.

வீட்டுத் தனிமை என்றால் தனி அறை, வெளிப்பக்கம் ஜன்னல், முடிந்தால் தனிக் கழிப்பறை. ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை வெளியே தள்ளும்படி மாட்டினால் அறைக் காற்று கூடத்துக்கு வராது. கழிப்பறை ஒன்றே என்றால் அவர் கடைசியாகப் போய், மூடியை மூடி ஃப்ளஷ் செய்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வர வேண்டும். அரை மணி கழித்தே மற்றவர்கள். துடைக்க, 33 சதவீத பிளீச்சிங் பவுடரில் 30 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல். அன்றன்று கரைக்க வேண்டும், நேற்றையதில் குளோரின் போய்விடும். அதே கழிப்பறையில் ஆசிட் ஊற்றிவிட்டு இதை ஊற்றினால் விஷவாயு கிளம்பும். பெட்டி மேலும் ஆள் மேலும் மருந்து தெளித்த கூத்தை மறுபடி செய்ய வேண்டாம். காற்றுக்கு வழி விட்டாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. வீட்டில் ஒருவர் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து பேசிவிட்டு, வந்தவருக்குப் பின்னர் நோய் உறுதியானால், பேசியவருக்கு அன்றிலிருந்து புதுக் கணக்கு.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார அமைப்பின் சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகள் 2005-ன் 40-ஆம் பிரிவு, குடியேற வருபவர்களைத் தவிர, பயணிகளைத் தனிமைப்படுத்தும் செலவை அவர்களிடம் வாங்கக் கூடாது என்கிறது. 2020-ல் நம் பயணிகள் சொந்தச் செலவில்தான் தங்கினார்கள். கட்டணத்துக்குப் பயந்தும், வாசலில் ஒட்டும் ஸ்டிக்கருக்குக் கூசியும் மறைக்கிறவர் இருக்கும் வரை எந்தப் பட்டியலும் முழுசாக வராது. ஸ்டிக்கரை விட்டுவிட்டு, கிராம சுகாதார செவிலியர் தினமும் ஒருமுறை போனில் பேசட்டும். பயணி கையில் ஒரே தாள்: 0-ஆம் நாள் தேதி, சோதனைத் தேதி, விடுபடும் தேதி, இருக்கை எண், கார் எண், ஓட்டுநர் போன் எண், 104, 108. பெங்களூருவில் இறங்கியவர்களுக்கு இதை மாநில எல்லையில், ஓசூர் ஜூஜூவாடியிலேயே கொடுத்துவிடலாம்.

ஏற்காட்டு நிலைமை தனி. தோட்டத் தொழிலாளர்களின் எஸ்டேட் லைன் வீடுகளில் ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும்தான். அங்கே வீட்டுத் தனிமை என்று தாளில் எழுதுவது நடக்காத காரியம். கூலி நின்றால் அடுப்பும் எரியாது. ஆக்சிஜன் அளவுக்கும் அங்கே வேறு கணக்கு வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். நல்ல உடம்புக்கே விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கீழே சமவெளியில் காட்டுவதைவிட ஒன்றிரண்டு குறைத்துக் காட்டலாம். (பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாகக்கூட இறங்கும், சேர்வராயன் உச்சியே 1,623 மீட்டர்தான். நிமோனியாவிலிருந்து தேறியவர் மருத்துவரைக் கேட்காமல் விமானம் ஏறக் கூடாது என்பது இதனால்தான்.) ஆகவே மலைக்கு வந்த முதல் நாளே, விரலைச் சூடாக்கி, உட்கார்ந்தபடி ஒரு நிமிடம் வைத்து வரும் எண்ணை எழுதி வையுங்கள். அதிலிருந்து 3 குறைந்தாலோ, யாருக்கானாலும் 93-க்கு வந்தாலோ காத்திருக்கக் கூடாது. 20 கொண்டை ஊசி வளைவுகளை இரவுப் பனிமூட்டத்தில் இறங்க வேண்டியிருப்பதால் கீழே இருப்பவரைவிட மலைவாசி முன்கூட்டியே கிளம்ப வேண்டும்.

2021 மே மாதம் சேலம் உருக்காலையில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் போட முடிந்த மாவட்டம் இது. ஏற்காட்டில் 20 தனி அறைகளைக் கழிப்பறையோடு அடையாளம் கண்டு, சாவி யாரிடம், சமையல் யார், இரவு வண்டி எது என்று இப்போதே எழுதி வைக்குமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். தோட்டத் தொழிலாளிக்கு அந்த நாட்களின் கூலியும் அதே தாளில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் பணியில் உள்ள சிலர்,
சேலம்.