எங்கள் பிள்ளைக்காகக் கடைவாசலில் பேசிய சேருக்கு

ஊர் உறவுகளுக்கும், அணிப் பிள்ளைகளின் பெற்றாருக்கும், வெளிநாடுகளில் இருந்து அந்தப் போட்டியைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் சொந்தங்களுக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் நடந்த உதைபந்தாட்டப் போட்டியில் எங்கள் பெண்பிள்ளைகளின் அணி பெனால்டியில் தோற்றது உங்களுக்கு எல்லாம் தெரியும். எப்படித் தோற்றோம், யாருடைய உதை வெளியே போனது, அப்புறம் அந்தக் காணொளியின் கீழே யார் யார் என்னென்ன எழுதினார்கள் என்பதையெல்லாம் நான் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. அந்த ஐந்தாவது உதையை உதைத்தவளின் தாய்மாமன் நான். பிள்ளை நேற்றுத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். இன்று பின்னேரம் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்கும் போய்விட்டாள். அவள் திரும்பி வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று பட்டறையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆனையிறவு தாண்டும்வரை பிள்ளைகள் அழுதுகொண்டே வருவதைப் பார்த்துவிட்டு, பரந்தன் சந்தியில் பஸ்ஸை ஓரங்கட்டி, எல்லோருக்கும் பணிசும் சோடாவும் தன் காசில் வாங்கிக் கொடுத்த சாரதி அண்ணை. வென்ற சந்தோஷத்தையும் விட்டுவிட்டு ஓடிவந்து எங்கள் பிள்ளையைத் தூக்கி நிறுத்திய எதிரணிப் பிள்ளைகள். விடியமுன் எழும்பிப் புட்டும் சம்பலும் பார்சல் கட்டிக் கொடுத்த தாய்மார். ஜேர்சி அனுப்பிய கனடா, சுவிஸ் உறவுகள். காலை நீவிவிட்டு, இரண்டு நாளைக்கு நடக்கவே கூடாது என்று அவளை வெருட்டிய தாதி அக்கா. தன்னுடைய சப்பாத்தை இவளுக்கு விட்டுக்கொடுத்த அந்தப் பெரிய வகுப்புப் பிள்ளை. காணொளியின் கீழே மற்றவர்கள் ஏசிக்கொண்டிருக்க, "பிள்ளைகளை விடுங்கோ" என்று எழுதிய முகம் தெரியாத சில பேர். உங்கள் ஒருவரையும் நாங்கள் மறக்க மாட்டோம்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர் அவர்களின் பயிற்றுவிப்பாளர். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பிள்ளைகள் அழைக்கிற மாதிரி நானும் சேர் என்றே எழுதுகிறேன்.

போட்டி முடிந்த அடுத்த நாள் காலை. எங்கள் ஒழுங்கையின் தொடக்கத்தில், ஏ35 வீதியோரம் இருக்கிற தேநீர்க் கடை உங்களுக்குத் தெரியும். தர்மபுரத்தில் இருந்து விசுவமடு வரைக்கும் நடக்கிற எந்த விசயமும் அங்கே ஒருமுறை அலசப்படாமல் போகாது. அன்றைக்கு அலசப்பட்டது எங்கள் பிள்ளை. "பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஏன் இந்த வேலை", "அவளைக் கடைசியா விட்டதே பிழை", "நெஞ்சுரம் இல்லாததுகள்" என்று ஆளுக்கொன்று. நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் சண்டைதான் வந்திருக்கும். கடைக்கார அக்காதான் பிறகு எல்லாவற்றையும் சொன்னா.

சேர் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர், கடையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினாராம். நிற்க வேண்டிய தேவையே இல்லை, ஒழுங்கைக்குள் நேரே திரும்பியிருக்கலாம். ஒரு பிளேன்ரீ கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அங்கே இருந்தவர்களிடம் சொல்லத் தொடங்கினாராம். சத்தம் போடவில்லையாம், யாரையும் ஏசவும் இல்லையாம்.

"அண்ணையாக்கள், நான் சொல்லுறதைக் கேட்டுப்போட்டுக் கதையுங்கோ. ஆட்டம் முடியப் பத்து நிமிசம் இருக்கேக்கயே அந்தப் பிள்ளை கெண்டைக்கால் பிடிக்குது எண்டு எனக்குக் கை காட்டினவள். மாத்திறதுக்கு ஒரு பிள்ளை வெளியில ஆயத்தமா நிண்டவள். சமாளி எண்டு நான்தான் சொன்னனான். விசில் ஊதின பிறகு மாத்தேலாது, உள்ளுக்க நிக்கிற ஆக்கள்தான் பெனால்டி அடிக்கலாம். அது தெரிஞ்சும் யோசிச்சுக்கொண்டு நிண்டது நான். ஐந்தாவதா அவளின்ர பேரை எழுதினதும் நான். அவள் கேக்கேல்லை."

நெஞ்சுரம் இல்லை என்று சொன்ன மனிதருக்கும் பதில் சொன்னாராம்: "பிடிச்ச காலோட நடுக்கோட்டில இருந்து நடந்து போய்ப் பந்தை வைச்சவள் அண்ணை. நெஞ்சுரம் இல்லாமல் போனது எனக்கு."

அதோடு நிற்கவில்லை. பயிற்சியில் இரண்டு கம்பை நட்டு அதற்குள்தான் பெனால்டி பழக்கினேன் என்றும், அந்த இடைவெளியை ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை என்றும், யாழ்ப்பாணத்தில் உண்மையான கோல் கம்பத்தைப் பார்த்ததும் பிள்ளைகளின் கண்ணில் ஒரு குழப்பம் தெரிந்தது என்றும், அதையும் தான்தான் யோசித்திருக்க வேண்டும் என்றும் சொன்னாராம். அவர் சொல்லி முடிக்கும்போது தேநீர் ஆறிப்போயிருந்ததாம். அக்கா வேறு ஊற்றித் தாறன் என்று சொல்லியும் அதையே குடித்துவிட்டு, காசை வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

இதில் என்னை உலுக்கியது என்னவென்றால், கால் பிடித்த கதை எங்களுக்கே தெரியாது. பிள்ளை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாட்டுச் சொல்கிறாள் என்று நினைப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு இரண்டு நேரமும் பட்டினி கிடந்திருக்கிறாள். அந்த விசயம் தெரிந்தவர்கள் அவளும் அவரும் மட்டும்தான். சேர் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும், அவருக்கும் ஒரு குறையும் வந்திருக்காது. "தோல்விக்கு நானே பொறுப்பு" என்று பொதுவாக ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுப் போவது லேசு. அப்படிச் சொல்கிறவர்களிடம் என்ன பிழை விட்டீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. இவர் எந்த நிமிடத்தில் என்ன செய்தேன், என்ன செய்யாமல் விட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதுவும் பிள்ளையைப் பற்றிக் கதை நடந்துகொண்டிருந்த அதே இடத்தில், கதைத்துக்கொண்டிருந்த அதே ஆட்களுக்கு முன்னால்.

வீட்டுக்கு வந்தவர் என் அம்மாவிடமும் என்னிடமும் அதே கதையை அப்படியே சொன்னார், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிள்ளை அறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றாள். ஆறுதல் சொல்லப் போகிறார், அவளும் அழப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவர் ஆறுதலே சொல்லவில்லை.

"நான் விட்ட பிழை எல்லாம் சொல்லிப்போட்டன். உன்னில ஒண்டு இருக்கு, அதையும் சொல்லவேணும். ஓடி வரேக்க கோல்கீப்பரைப் பாத்திட்டு மனசை மாத்திப் போட்டாய்."

போட்டிக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் வாய் திறந்தது அப்போதுதான். "மாத்தேல்லை சேர். ஊண்டின கால் வழுக்கினது."

"உண்மையோ?"

"உண்மையா சேர்."

"சரி, சப்பாத்தைக் கொண்டு வா."

கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் இருக்கிற குமிழ்களைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். இடது சப்பாத்தில் முன்பக்கக் குமிழ்கள் கிரவலில் தேய்ந்து மொட்டையாகிவிட்டிருந்தன. எங்கள் மைதானத்தில் அது ஒரு பொருட்டே இல்லை, அங்கே புல் இருந்தால்தானே வழுக்க. ஈரப் புல்லில் இதைப் போட்டுக்கொண்டு எப்படி ஊன்றுவது? அவர் கனநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ சொன்னதுதான் சரி. இதையும் நான் பாத்திருக்கவேணும். போட்டிக்கு முதல் நாள் எல்லாற்ற சப்பாத்தையும் வாங்கிப் பாத்திருக்கவேணும்," என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பாவம் பார்க்கப்படுகிற பிள்ளையின் முகம் அல்ல அது. தன் சொல்லை ஒருத்தர் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்கிற முகம்.

போகும்போது இங்கிலாந்து அணியின் கதையைச் சொன்னார். 2021 ஜூலை 11, வெம்பிளி மைதானத்தில் இத்தாலியோடு ஐரோப்பியக் கிண்ண இறுதி ஆட்டம். பெனால்டியில் 3–2 என்று தோற்றார்கள். கடைசி உதையைத் தவறவிட்ட புகாயோ சாகாவுக்கு அப்போது 19 வயது. அவனுக்கும், அவனுக்கு முன்னால் தவறவிட்ட இரண்டு பேருக்கும் அன்றிரவு நிறத்தைச் சொல்லியெல்லாம் வசை விழுந்தது. யார் யார் உதைப்பது என்று தீர்மானித்தது நான்தான், அது என் பொறுப்பு என்று பயிற்றுவிப்பாளர் கரத் சவுத்கேட் வெளிப்படையாகச் சொன்னார். அவர் தானே 1996 இல் ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் பெனால்டியைத் தவறவிட்டவர். 2024 இல் சுவிற்சர்லாந்தோடு காலிறுதி மறுபடியும் பெனால்டிக்குப் போனபோது, அதே சவுத்கேட்டின் அணியில் அதே சாகா போய் உதைத்துக் கோல் போட்டான். "அந்தாள் அவனைத் திருப்பி அனுப்பினது. நானும் உன்னை அனுப்புவன், ஆனா காலையும் சப்பாத்தையும் பாத்துப்போட்டு," என்றார் சேர்.

அவர் நின்றுகொண்டிருக்கும்போதே குவைத்தில் இருந்து அக்கா எடுத்தா. பந்தை விட்டுவிட்டுப் படிப்பைப் பார்க்கட்டும் என்று முதல் நாள் இரவு முழுக்கத் தொலைபேசியில் அழுத தாய். சேர் போனை வாங்கி, கடையில் சொன்னதை அவவுக்கும் சொன்னார். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அக்கா கேட்டது ஒன்றுதான்: "கால் இப்ப எப்படி சேர்?" பந்தை விடச் சொல்லி அதற்குப் பிறகு அவ ஒரு சொல் சொல்லவில்லை.

அவர் படலையைச் சாத்திவிட்டுப் போன பிறகு என் அம்மா சொன்னதையும் எழுதத்தான் வேண்டும். அம்மா கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் வாசலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரோடு போய் உட்கார்ந்தவ. 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய அந்தப் போராட்டத்துக்கு உடம்பு முடிகிற நாட்களில் எல்லாம் போனவ. எத்தனையோ அதிகாரிகள், எத்தனையோ விசாரணைகள், எத்தனையோ பதிவுகள். எல்லாருக்கும் அவ படத்தைக் காட்டியிருக்கிறா. பார்க்கிறோம், விசாரிக்கிறோம் என்ற பதிலைத் தவிர வேறொன்றும் கிடைத்ததில்லை. அன்றைக்கு அவ சொன்னா: "இது நான் செய்தது எண்டு ஒரு மனிசன் வாசல்ல வந்து நிண்டு சொல்லி நான் இப்பதான் பாக்கிறன்."

பந்தாட்டத்தையும் அதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. அம்மாவும் வைக்கவில்லை. ஆனால் எங்கள் மண்ணில் வளர்கிற பிள்ளைகள், பெரியவர்கள் பிழை விட்டால் கைகாட்டி இன்னொருத்தரில் போடுவதையும், காலம் கடத்துவதையும்தான் அதிகம் பார்க்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி, தனக்கு மேலே இருக்கிற ஒருத்தர் ஊர் நடுவில் நின்று தன் பிழையைத் தானே சொன்னதைப் பார்த்திருக்கிறாள். சேர், நீங்கள் அவளுக்குப் பந்து பழக்கியதற்கே நாங்கள் ஏற்கெனவே நன்றிக்கடன் பட்டிருந்தோம். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லித் தீரக்கூடியதாகவும் இல்லை.

அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்கிறேன். மாரி மழை தொடங்க முன் எங்கள் மைதானத்தின் இரண்டு பக்கமும் முழு அளவில் கோல் கம்பம் நட்டுத் தருகிறேன். உள் அகலம் 7.32 மீற்றர், நிலத்தில் இருந்து குறுக்குக் கம்பத்தின் கீழ் விளிம்பு வரை உயரம் 2.44 மீற்றர். கம்பத்தின் தடிப்பு 12 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, நிறம் வெள்ளையாக இருக்க வேண்டும். விதியைப் பார்த்து எழுதி வைத்துவிட்டேன். குழாயும் வெல்டிங் கூலியும் என் பொறுப்பு. யாரும் தொங்கினாலும் சாயாமல் இருக்கக் கொங்கிரீட் போட்டுப் பதிக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற இடம். 11 மீற்றரில் பெனால்டிப் புள்ளியையும் நாடா பிடித்து அளந்தே குறிப்போம்.

கிடங்கு வெட்டவும் கொங்கிரீட் குழைக்கவும் ஆட்கள் வேண்டும். மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். அன்றைக்குக் கடையில் இருந்து கதைத்த அண்ணைமாரும் கட்டாயம் வர வேண்டும், உங்களில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வலை இரண்டு வாங்க வெளிநாட்டு உறவுகள் யாராவது பொறுப்பெடுத்தால் பெரிய உதவி, பணத்தை எனக்கு அனுப்பாமல் பெற்றார் குழுவுக்கே அனுப்புங்கள். எந்தச் சனிக்கிழமை என்று சேரிடம் கேட்டுவிட்டு அறிவிக்கிறேன், பயிற்சி இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும்.