அறுபதைத் தாண்டியும் தூக்குகிறார்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிரிக்கெட்டுக்கும் உதைபந்தாட்டத்துக்கும் போக மிஞ்சும் மூலையில் வலுதூக்கலுக்கும் (பவர்லிஃப்டிங்) சிறிது இடம் கேட்டு எழுதுகிறேன்.

கல்லடியில் என் அயலவர் ஒருவர் இளமையில் தொடங்கிய இந்த விளையாட்டை அறுபது கடந்தும் விடவில்லை. வெயில் ஏறும் முன்னரே தகரக் கொட்டகைக்குள், உள்ளங்கையில் வெண்தூளைத் தேய்த்தபடி நிற்பார். 2004 சுனாமி வீட்டைக் கொண்டுபோனது. மணலைத் தோண்டி எடுத்த துருப்பிடித்த இரும்புத் தட்டுகளைத்தான் இன்றும் தூக்குகிறார்.

பலர் இதை ஒலிம்பிக் பளுதூக்கலோடு குழப்புகிறார்கள். இதில் தலைக்கு மேல் எதுவும் போவதில்லை. தோளில் சுமந்து குந்தி எழ வேண்டும்; படுத்தபடி நெஞ்சிலிருந்து தள்ள வேண்டும்; தரையிலிருந்து தூக்கி நிமிர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்புகள். குந்தும்போது இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்புறத்துக்குக் கீழே இறங்காவிட்டால் நடுவர்கள் சிவப்பு விளக்கைப் போட்டுவிடுவார்கள். 40 வயதிலிருந்து மூத்தோர் பிரிவுகள் உண்டு. ஆனால் இந்த விதியில் வயதுக்குச் சலுகை கிடையாது.

போட்டியென்றால் சொந்தச் செலவில் இரவு பஸ்ஸில் கொழும்பு. எடைப் பிரிவுக்காக முதல்நாள் இராச்சோற்றையும் விட்டுவிடுவார். (மட்டக்களப்பானுக்கு இது சிறிய தியாகமா?) பதக்கத்தோடு திரும்பினால், "இந்த வயதில் இது தேவையா?" என்றுதான் ஊரில் கேட்கிறார்கள்.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பொது உடற்பயிற்சி நிலையங்களில் உறுதியான தாங்கியும் நல்ல இரும்புத் தண்டும் வைத்தால், கற்றுக்கொடுக்க அவர் ஆயத்தம். உங்கள் நிருபர் ஒருவரை ஒரு காலையில் அனுப்பிவையுங்கள். அழைத்துச் செல்ல நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.