நோன்புப் பாடம் எடுக்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சமய வரலாற்று வகுப்பில் யூதர்களின் நோன்பு நாட்களை எடுக்கப்போகிறாய் என்று தெரிந்து மகிழ்ந்தேன். நீ அனுப்பிய பாடக் குறிப்பையும் படித்தேன். ஆறு நோன்பு, ஆறு தேதி, ஆறு காரணம். தவறு எதுவும் இல்லை. பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரும் துக்க நாளான திஷா பெஆவும் ஏறக்குறைய 25 மணி நேரம், மற்றவை விடியலிலிருந்து இருட்டும்வரை. பிள்ளைகள் இதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் பட்டினி கிடந்து கும்பிட்டால் கேட்டது கிடைக்கும் என்றுதான் புரிந்துகொள்வார்கள். என் கவலை அதுதான்.

மிஷ்னாவிலிருந்து தொடங்கு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட அந்த யூதச் சட்ட நூலில் நோன்புக்கென்றே 'தானீத்' என்று ஒரு பகுதி உண்டு. மழை பொய்த்தால் ஊர் எப்படி நோன்பிருக்கும் என்று அதில் வருகிறது. யூதர்களின் வேதமான தோராவின் சுருள் இருக்கும் பேழையை ஊர்ச் சதுக்கத்துக்குத் தூக்கி வருவார்கள். பேழையின் மேல் சாம்பல், தலைவர்களின் தலையில் சாம்பல். பிறகு ஒவ்வொருவரும் தம் தலையில் தாமே அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். அப்போது கூட்டத்தில் மூத்தவர் பேசுவார்: சகோதரர்களே, நினிவே மக்களின் கோணித்துணியையும் நோன்பையும் கடவுள் பார்த்தார் என்று எழுதப்படவில்லை, அவர்கள் தீய வழியை விட்டுத் திரும்பிய செயலைப் பார்த்தார் என்றே எழுதப்பட்டிருக்கிறது.

ஊரே வயிறு காய்ந்து நிற்கும்போது சொல்கிற பேச்சு, தம்பி இது! படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அடுத்த வரி இன்னும் ஆழம். ஜெபத்தை நடத்த யாரை நிறுத்துவது? பழக்கமுள்ள முதியவரை, பிள்ளைகள் உள்ளவராகவும் வீடு வெறுமையாக இருப்பவராகவும் பார்த்து. அப்போதுதான் அவர் மனம் முழுதாக ஜெபத்தில் நிற்குமாம். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இரு.

ஜெபிப்பதற்கு எபிரேயத்தில் 'ஹித்பல்லேல்' என்பார்கள். தன்னை நோக்கித் திரும்பும் வினை அது. தன்னைத் தானே நிறுத்தி விசாரிப்பது என்று அதற்கு விளக்கம் சொல்லும் மரபு உண்டு. யோம் கிப்பூரைப் பற்றிய மிஷ்னா விதியும் அதே திசையில்தான் போகிறது. கடவுளுக்குச் செய்த பிழையை அந்த நாள் தீர்க்கும். அடுத்தவனுக்குச் செய்ததை, அவனிடம் போய் அவன் மனம் ஆறும்வரை தீர்க்காது.

எல்லா நோன்பும் இந்த வகை அல்ல. திஷா பெஆவ் துக்கம். கி.மு. 586-இலும் கி.பி. 70-இலும் இடிந்த எருசலேம் ஆலயங்களுக்காக, இழவு வீட்டில் இருப்பதுபோல் தரையில் உட்கார்ந்து புலம்பல் நூலை வாசிப்பார்கள். இதை நீயே நன்றாகச் சொல்வாய்.

நோயாளியும் பட்டினி கிடக்கணுமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் யோம் கிப்பூரிலும் சாப்பிட வேண்டும், அதுதான் சட்டம் என்று தெளிவாகச் சொல்லிவிடு.

கடைசி வகுப்பில் யோனா நூலை மாணவர்களையே வாசிக்க வை. மூத்தவர் சொன்ன அந்த நினிவே நகரத்துக்கு அனுப்பப்பட்ட யோனா என்ற தீர்க்கதரிசியின் கதை அது. யோம் கிப்பூர் பிற்பகலில் ஜெப ஆலயத்தில் வாசிப்பது அதைத்தான். நாலே அதிகாரம். வலக்கை இடக்கை தெரியாத லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களும் அத்தனை கால்நடைகளும் உள்ள நகரத்துக்காக நான் இரங்க வேண்டாமா என்று கடவுள் கேட்பதோடு முடிகிறது. யோனா என்ன சொன்னான் என்று நூலில் இல்லை. பிள்ளைகள் சொல்லட்டும். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்