பேர்லினுக்கு அல்ல, மூன்ஸ்டருக்கு எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

ஜேர்மனியில் வாழும் நம்மவர்கள் ஓய்வூதியம் பற்றிப் பேசினாலும், தமிழ்ப் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதினாலும் “ஜேர்மன் அரசாங்கத்தின் பென்சன்” என்ற சொற்றொடர் தவறாமல் வந்துவிடுகிறது. சின்னப் பிழைதானே என்று விடமுடியவில்லை. இந்தப் பிழையால் கடிதங்கள் தவறான ஊருக்குப் போகின்றன, தவணைகள் தப்புகின்றன. 63 வயதில் வந்து, “அரசாங்கம் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கும்தானே?” என்று கேட்கிறார்கள். பதிந்து வைத்திருப்பது ஒரு காப்புறுதி நிறுவனம். அதுவும் தொழில் தருநர் அறிவித்ததையும் நீங்கள் காட்டியதையும் மட்டுமே.

1889இல் பிஸ்மார்க் காலத்தில் இயற்றிய ஓய்வூதியக் காப்புறுதிச் சட்டம் 1891 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே இந்த வேலை பிராந்திய நிறுவனங்களிடம்தான் போயிற்று. 2005 செப்டெம்பர் வரை தொழிலாளர்களுக்கு எல்.வி.ஏ. என்ற பிராந்திய நிறுவனங்களும், அலுவலக ஊழியர்களுக்கு பேர்லினில் பி.எஃப்.ஏ. என்ற நிறுவனமும் இருந்தன. உணவகக் குசினியிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்த நம்மவர்களின் பழைய கடிதங்களில் எல்.வி.ஏ. என்று இருப்பதற்குக் காரணம் இதுதான். 2005 ஒக்டோபர் 1இல் தொழிலாளர், ஊழியர் என்ற பாகுபாட்டை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் “டொய்ச்சே ரென்டன்ஃபெர்சிஹெருங்” (ஜேர்மன் ஓய்வூதியக் காப்புறுதி) என்ற ஒரே பெயரை வைத்தார்கள். பெயர் ஒன்றானாலும் நிறுவனம் ஒன்றாகவில்லை. இன்று மொத்தம் 16 நிறுவனங்கள்: பேர்லினைத் தலைமையிடமாகக் கொண்ட புன்ட் என்ற கூட்டாட்சி நிறுவனம், சுரங்கம், ரயில், கடல் தொழில்களுக்காக போகும் (Bochum) நகரில் உள்ள நிறுவனம், இவற்றோடு 14 பிராந்திய நிறுவனங்கள். புதிதாகக் காப்புறுதி இலக்கம் பெறுபவர்களில் 55 வீதமானோர் பிராந்தியத்துக்கும் 40 வீதமானோர் புன்டுக்கும் 5 வீதமானோர் போகுமுக்கும் போகவேண்டும் என்பது சட்டம். யார் எங்கே என்பதை நீங்கள் தெரிவு செய்ய முடியாது.

நம்மவர்கள் செறிந்து வாழும் நோர்த்ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். மாநிலம் ஒன்று, பிராந்திய நிறுவனம் இரண்டு. டோர்ட்முண்ட், போகும், காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் ஹம் ஆகியவை வெஸ்ட்பாலியா நிறுவனத்துக்கு உரியவை. அதன் தலைமையிடம் மூன்ஸ்டர். எசன், டுயிஸ்பேர்க், கிறேஃபெல்ட் ஆகியவை ரைன்லாந்து நிறுவனத்துக்கு உரியவை. அதன் தலைமையிடம் டுசல்டோர்ஃப். போகுமிலிருந்து பக்கத்து ஊரான எசனுக்கு வீடு மாறினாலே பிராந்தியக் கணக்கைப் பார்க்கும் நிறுவனம் மாறும். புன்டிலும் போகும் நகர நிறுவனத்திலும் இருப்பவர்களுக்கு இந்த மாற்றம் இல்லை. காப்புறுதி இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் அதை வழங்கிய இடத்தைச் சொல்லும்: 11 வெஸ்ட்பாலியா, 13 ரைன்லாந்து. ஆனால் எத்தனை முறை இடம் மாறினாலும் இலக்கம் மாறாது. ஆகவே இலக்கத்தைப் பார்த்து முகவரியைத் தீர்மானிக்க வேண்டாம். கடைசியாக வந்த கடிதத்தின் தலைப்பில் எந்த நிறுவனம் இருக்கிறதோ அதற்கே எழுதுங்கள்.

பணம் வரும் வழியும் பலருக்குத் தெளிவில்லை. சம்பளத்தின் 18.6 வீதம் பங்களிப்பு. இந்த வீதம் 2018இலிருந்து இருக்கிறது. பாதி உங்களுடையது, பாதி முதலாளியுடையது. அது நேரே ஓய்வூதிய நிறுவனத்துக்குப் போவதில்லை. மருத்துவக் காப்புறுதி நிறுவனமான கிராங்கன்காசதான் வசூலிக்கிறது. சம்பள விபரம் வூர்ஸ்பேர்க்கில் உள்ள தரவு நிலையம் வழியாக உங்கள் கணக்கில் ஏறும். பங்களிப்புப் பணமோ இன்றைய ஓய்வூதியர்களுக்கு உடனே கொடுக்கப்படுகிறது. சேமிப்பாக நிற்பது மொத்தத்தில் சில வாரச் செலவுக்கான கையிருப்பு மட்டும். “நான் கட்டிய காசு அங்கே கிடக்கிறது” என்பது சரியில்லை. கிடப்பது புள்ளிகள். ஒரு வருடம் நாட்டின் சராசரிச் சம்பளம் எடுத்தால் ஒரு புள்ளி, பாதி எடுத்தால் அரைப் புள்ளி. ஒரு புள்ளியின் பெறுமதி 2025 ஜூலை 1இல் மாதம் 40.79 யூரோவாக இருந்தது. அரைச் சராசரிச் சம்பளத்தில் 30 வருடம் வேலை செய்தவருக்கு 15 புள்ளி, அதாவது அந்தப் பெறுமதியில் 611.85 யூரோ. அதிலிருந்து மருத்துவக் காப்புறுதியும் பராமரிப்புக் காப்புறுதியும் கழியும். மினிஜொப் என்ற குறைந்த சம்பள வேலையில் “பென்சனுக்கு வெட்டவேண்டாம்” என்று கையெழுத்திட்டு, 2025இல் 556 யூரோவுக்கு மாதம் 20 யூரோ மிச்சம் பிடித்தவர்கள், அந்த மாதங்கள் முழுக்காலமாக எண்ணப்படும் வாய்ப்பையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள்.

கணக்குகளில் உள்ள பிழைகளில் பெரும்பாலானவை பெயரில் தொடங்குகின்றன. எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னால் வரும். ஒரு முதலாளி அதைக் குடும்பப் பெயராகப் பதிந்திருப்பார், அடுத்தவர் முதற்பெயராகப் பதிந்திருப்பார். இலக்கத்துக்குள் பிறந்த திகதியும் பிறப்புக் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் இருப்பதால், எழுத்து மாறினால் ஒரே ஆளுக்கு இரண்டு இலக்கம் விழுந்துவிடும். பங்களிப்பு இரண்டு கணக்கில் பிரிந்து நிற்கும். ஒன்று தூங்குவது யாருக்கும் தெரியாது. பழைய அட்டைகள் எதையும் எறியாதீர்கள். இரண்டு இலக்கங்களையும் ஒரே கடிதத்தில் எழுதி, இணைக்கச் சொல்லிக் கேட்டால் இணைப்பார்கள்.

பிறந்த திகதி இன்னும் சிக்கல். சட்டப்படி செல்லுபடியாவது நீங்களோ முதலாளியோ சமூகக் காப்புறுதிக்கு முதன்முதலில் சொன்ன திகதி. அது எழுத்துப் பிழை என்றாலோ, அந்த முதல் அறிவிப்புக்கு முன்பே எழுதப்பட்ட மூல ஆவணம் வேறு திகதியைக் காட்டினாலோ மட்டுமே மாற்றுவார்கள். பிறகு கடவுச்சீட்டில் திருத்தியது இங்கே பயன்படாது. யாழ்ப்பாணத்துப் பிறப்புப் பதிவின் பிரதியை எடுக்கும்போது, பதிவு எழுதப்பட்ட திகதியும் அதில் தெரிகிறதா என்று பாருங்கள். முடிவைத் தீர்மானிப்பது பிரதி எடுத்த நாள் அல்ல, அந்தத் திகதிதான்.

கணக்கைச் சரிபார்க்கும் நடைமுறைக்கு வி0100 என்ற படிவம். எந்த வயதிலும் இலவசமாகக் கேட்கலாம். 43 வயதளவில் நிறுவனமே ஒரு தடவை அனுப்பும். அதை மேசையில் போட்டுவிட்டு மறப்பதுதான் வழமை. காப்புறுதி வரலாற்றை வரிசையாக வாசித்து, வெறுமையாக உள்ள மாதங்களைத் தேடுங்கள். முதலாளி சம்பளத்தில் வெட்டியும் கட்டாமல் விட்டிருந்தால் உங்கள் உரிமை போகாது: உங்கள் பங்கு பிடிக்கப்பட்டதைச் சம்பளச் சீட்டால் காட்டினால், முழுப் பங்களிப்பும் கட்டப்பட்டதாகவே கருதவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கையில் காசு வாங்கிய வேலைக்கு இது பொருந்தாது. பிள்ளை வளர்த்த காலத்துக்கு வி0800 படிவம் தனி. 1992இலிருந்து பிறந்த பிள்ளைக்கு மூன்று வருடம், அதற்கு முன் பிறந்ததற்கு இரண்டரை வருடம் தாய்க்கு எழுதப்படும். கேட்டால்தான் எழுதுவார்கள். இலங்கையில் வளர்த்த காலம் சேராது. ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பதிவுகளை நிறுவனம் ஒரு முடிவுக் கடிதத்தால் உறுதி செய்துவிடும். அதற்கு ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் எழுதவேண்டும். வெளிநாட்டில் இருந்தால் மூன்று மாதம். தவணை தப்பினாலும் பிழையை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம், ஆனால் பழைய பணம் நான்கு வருடத்துக்கு மேல் பின்னோக்கிக் கிடைக்காது.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவர்களுக்கும் சில விடயங்கள். இலங்கைக்கும் ஜேர்மனிக்கும் இடையே சமூகக் காப்புறுதி ஒப்பந்தம் இல்லை. அதனால் இலங்கைக் குடியுரிமையுடன் ஐரோப்பாவை விட்டுப் போகிறவர், கடைசிக் கட்டாயப் பங்களிப்புக்குப் பின் 24 மாதம் கழித்து, கட்டியதைத் திருப்பிக் கேட்கலாம். வருவது தன் பங்கு மட்டும், அதாவது பாதி. வட்டி இல்லை. பெற்றவுடன் அதுவரை சேர்ந்த உரிமை எல்லாம் அழியும். ஐந்து வருடம் கட்டிமுடித்தவர் இதைச் செய்வது, என் கணிப்பில், வீட்டை விற்றுக் கதவின் விலையை வாங்குவது போல. ஐந்து வருடம் இருந்தாலே முதுமை ஓய்வூதியத்துக்கு உரிமை வந்துவிடுகிறது. 2013 ஒக்டோபர் முதல் வெளிநாட்டுக் குடியுரிமையாளருக்கும் வெளிநாட்டில் முழுத் தொகை. அதற்கு முன் 70 வீதம்தான் கொடுத்தார்கள். ஜேர்மன் குடியுரிமை எடுத்தவர் விரும்பித் தொடர்ந்து கட்டும் உரிமை உள்ளவர் என்பதால், வேலையை விட்டுப் போகிறேன் என்பதைக் காரணமாகக் காட்டித் திருப்பிக் கேட்க முடியாது.

நோய் காரணமான ஓய்வூதியத்துக்கு வேறு நிபந்தனை: மொத்தம் ஐந்து வருடக் காப்புறுதியோடு, கடைசி ஐந்து வருடத்தில் 36 மாதக் கட்டாயப் பங்களிப்பு. ஊரில் இரண்டு மூன்று வருடம் நின்று வந்தவர்கள் அந்த 36 மாதத்தில்தான் சறுக்குகிறார்கள். முதுமை ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு ஊரில் இருப்பவர், தபால் சேவை ஆண்டுதோறும் அனுப்பும் உயிர்வாழ் சான்றை நிரப்பி அனுப்பாவிட்டால் பணம் நிற்கும். வரி விடயத்துக்கு மூன்ஸ்டரோ பேர்லினோ அல்ல, நொய்பிரான்டன்பேர்க் வரி அலுவலகம். அந்த ஊர்ப் பெயரோடு கடிதம் வந்தால் மோசடி என்று கிழித்துவிட வேண்டாம். விதவை ஓய்வூதியம் கேட்கும்போது விவாகப் பதிவுப் பத்திரமும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பும் தேவை. பதிவில்லாத கோயில் திருமணம் என்றால் நீண்ட இழுபறி காத்திருக்கிறது.

குறைந்த ஓய்வூதியத்துக்கு மேல் நகரசபை கொடுக்கும் முதியோர் உதவியை இதோடு குழப்பக்கூடாது. அது காப்புறுதிப் பணம் அல்ல. நான்கு வாரத்துக்கு மேல் நாட்டை விட்டு நின்றால் நின்றுவிடும். ஓய்வூதியம் அப்படி நிற்காது. புள்ளிப் பெறுமதியின் 27 மடங்குக்கு, அதாவது 2025 ஜூலைக் கணக்கில் சுமார் 1,101 யூரோவுக்குக் கீழே ஓய்வூதியம் இருந்தால், முடிவுக் கடிதத்தோடு அந்த உதவிக்கான விண்ணப்பத்தையும் ஓய்வூதிய நிறுவனமே வைத்து அனுப்புகிறது. இரண்டும் ஒரே உறையில் வருவதால்தான் இந்தக் குழப்பம்.

இந்த நிறுவனங்களை நடத்துவது யார்? அமைச்சு அல்ல. காப்புறுதி பெற்றவர்கள் தரப்பும் தொழில் தருநர் தரப்பும் சரிபாதியாக அமர்ந்த பிரதிநிதிகள் சபைதான் வரவு செலவுத் திட்டத்தை அங்கீகரிக்கிறது, நிர்வாகப் பணிப்பாளரைத் தெரிவு செய்கிறது. அதற்குக் கீழே, சம்பளமின்றி வேலை செய்யும் ஒரு செயற்குழு. மாநில அமைச்சின் வேலை சட்டம் மீறப்படுகிறதா என்று கண்காணிப்பது. சபைக்கான சமூகத் தேர்தல் ஆறு வருடத்துக்கு ஒரு முறை. வாக்குரிமைக்கு 16 வயது போதும், குடியுரிமை கேட்பதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பிராந்திய நிறுவனங்களில் வாக்குச் சீட்டே வராது: ஆசனங்களின் எண்ணிக்கைக்குச் சரியாகவே வேட்பாளர்களை நிறுத்தி, வாக்கெடுப்பு இல்லாமல் தெரிவு முடிந்துவிடும். இதைச் சனநாயகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேட்பாளர் பட்டியல் தயாராகும் இடத்தில் இல்லாதவர் எங்குமே இல்லை.

அந்தப் பட்டியல்களைப் போடும் தொழிற்சங்கங்களில் நம்மவர்களும் உறுப்பினர்கள். படிவம் நிரப்ப இலவசமாக உதவும் தொண்டர் ஆலோசகர்களை முன்மொழிவதும் அதே பட்டியல்காரர்கள்தான். வெஸ்ட்பாலியாவிலோ ரைன்லாந்திலோ தமிழ் தெரிந்த நான்கு ஆலோசகர் இருந்தால், மேலே எழுதிய பிழைகளில் பாதியைக் கோயில் மண்டபத்திலேயே திருத்திவிடலாம். அடுத்த தேர்தல் 2029இல். பட்டியல்கள் 2028இலேயே மூடப்பட்டுவிடும்.

இப்படிக்கு,
வாசகர், டோர்ட்முண்ட்