வெர்னாட்சாவுக்கு ஒரு மாலையாவது கொடுங்கள்: ஐரோப்பாச் சுற்றுலா நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னை, கோவை, மதுரை என்று எங்கிருந்து ஆட்களை இத்தாலிக்குக் கூட்டிப் போகிறவராக இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். ரோம், ஃபுளோரன்ஸ், பைசா, வெனிஸ் என்ற வழக்கமான பட்டியலில் இப்போது கடலோர மலைச்சரிவில் ஐந்து சிற்றூர்கள் சேர்ந்த சிங்க்வே தெர்ரேயும் எட்டிப் பார்க்கிறது. சந்தோஷம். ஆனால் காலையில் ஃபுளோரன்ஸில் ஏற்றி, பைசாவில் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குகிற மாதிரி எல்லோரையும் படம் எடுக்கவிட்டு, உச்சி வெயிலில் அந்த ஐந்தில் ஒன்றான வெர்னாட்சாவில் இறக்கி, ஒன்றரை மணி நேரத்தில் திரும்பச் சொல்வதாக இருந்தால், அந்த ஊரைத் திட்டத்திலிருந்து எடுத்தே விடுங்கள்.

ஆயிரம் பேர்கூட வசிக்காத ஊர் அது. லிகூரியக் கடற்கரையின் அந்த ஐந்து ஊர்களில் இயற்கையாகவே துறைமுகம் அமைந்தது இதற்குத்தான். கடல்வழி வரும் கொள்ளையரைக் கண்காணித்த கோட்டைக் கோபுரம் மேலே நிற்கிறது. கீழே தண்ணீரை ஒட்டி ஒரு பழைய தேவாலயம். ரயிலடியிலிருந்து துறைமுகச் சதுக்கம் வரை ஒரே தெரு. சீசனில் ரயிலும் படகும் மாறி மாறிக் கொண்டுவந்து கொட்டும் நடுப்பகலில் அந்தத் தெருவில் முன்னால் போகிறவர் முதுகுதான் தெரியும். அதைப் பார்க்க ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? தி.நகர் போதுமே.

அங்கே பார்க்க வேண்டியது ஊருக்கு மேலே இருக்கிறது. செங்குத்தான மலையைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கல்சுவர் எழுப்பி, அதில் திராட்சை போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்போ சிமெண்டோ கிடையாது. கல்மேல் கல் அடுக்கியதுதான். இடுக்கு வழியாக மழைநீர் கசிந்து வெளியேறுவதால்தான் சுவர் நிற்கிறது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு வேலை இது. 1997இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு மனிதர் உருவாக்கிய இந்த மலைச்சரிவு முக்கியக் காரணம். இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் கல்லடுக்கும் கலைக்கு 2018இல் தனியாகவும் அங்கீகாரம் கிடைத்தது.

சுவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இளைஞர்கள் நகரத்துக்கோ சுற்றுலா வேலைக்கோ போய்விட, எத்தனையோ படிகள் கைவிடப்பட்டுவிட்டன. கவனிப்பாரில்லாத சுவர் பெருமழையில் சரிகிறது, மண்ணும் கல்லும் ஊருக்குள் இறங்குகின்றன. 2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரம் பெய்த மழையில், அந்த ஒரே தெருவுக்கு அடியில் ஓடும் ஓடை பொங்கி, கடைகளின் தரைத்தளம் முழுக்கச் சேற்றில் புதைந்தது. வெர்னாட்சாவில் மூன்று பேர் இறந்தார்கள். உங்கள் வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. வண்ண வீடுகளைக் காட்டுவார்கள், ஐஸ்க்ரீம் கடையைக் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

உங்கள் சிரமம் புரியாமல் இல்லை. நாற்பது பேரைத் தங்கவைக்க அங்கே ஹோட்டல் இல்லை; இருக்கும் அறைகளுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டும். பஸ்ஸும் உள்ளே போகாது. சரி, பக்கத்து ஊர்களான லா ஸ்பெட்சியாவிலோ லெவாந்தோவிலோ ஓர் இரவு தங்கவையுங்கள். இரண்டிலிருந்தும் ரயிலில் அரைமணிக்குள் வெர்னாட்சா. கூட்டம் வடிந்த மாலையிலோ, முதல் படகு வருமுன் காலையிலோ கூட்டிப் போங்கள். முட்டிவலிக்காரர்கள் துறைமுகத்தில் உட்காரட்டும், முடிந்தவர்கள் மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறட்டும். நல்ல ஷூ கட்டாயம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ரப்பர் செருப்போடு மலைப்பாதையில் நடந்தால் 50 முதல் 2,500 யூரோ வரை அபராதம் என்று 2019இலேயே அறிவித்துவிட்டார்கள். மழை எச்சரிக்கை வந்தால் பாதையை மூடுவார்கள், அலை அடித்தால் படகு நிற்கும். வேறு திட்டம் ஒன்று கையில் இருக்கட்டும்.

சாப்பாடு? அந்தப் பக்கத்து ஃபாரினாத்தா, கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து ஆலிவ் எண்ணெய் விட்டு அடுப்பில் சுடுவது. சைவக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஒரு வேளைக்காவது சாம்பார் டப்பாவைப் பெட்டியிலேயே விட்டுவையுங்கள். மது அருந்துபவர்களுக்கு, உலர்த்திய திராட்சையில் செய்யும் ஷாக்கெத்ரா என்ற இனிப்பு ஒயின் உண்டு. விலை அதிகம்தான். ஆனால் அந்தச் சரிவுகளில் இன்னும் திராட்சை போடுகிறவர்களிடம் நேரே வாங்கினால் அந்தக் காசு சுவருக்குத்தான் போகும். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்த பொம்மைக்குக் கொடுப்பது போகாது.

ஆளுக்குச் சில ஆயிரம் ரூபாய் கூடும், தெரியும். அடுத்த விளம்பரத் தாளில் ஒன்றரை மணி நேரத்தில் திரும்பும் பயணம், ஓர் இரவு தங்கும் பயணம் என்று இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, என்ன வித்தியாசம் என்று நாலு வரி எழுதிப் பாருங்கள். எது வேண்டும் என்று பயணிகளே சொல்லட்டும்.

அன்புடன்,
ஒரு பயணி